ஆங்கிலச் சொல்லைப் பிரித்து இனம் கண்டுபிடிப்பது எப்படி

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம்ம கன்னியாகுமரி மாவட்டம். அதனால் நவுன், ப்ரோனவுன், வெர்ப், அட்வெர்ப், அட்ஜெக்டிவ், ப்ரீபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று ஆங்கிலச் சொல்லினம் (பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்) எட்டையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து, இதில் இந்தச் சொல் எந்த இனம் என்று கேட்டால்தான் சிக்கல். பாதிப்பேர் உடனே சொல்லின் அர்த்தத்தை யோசிக்கப் போய்விடுவார்கள். செயலைச் சொன்னால் வினை, பொருளைச் சொன்னால் பெயர் என்ற விளக்கம் மூன்றாம் வகுப்போடு சரி. 'அரைவல்' என்ற சொல் வந்து சேருகிற செயலைத்தான் சொல்கிறது, ஆனாலும் அது பெயர்ச்சொல். தமிழில் 'வருகை'யைத் தொழிற்பெயர் என்று சொல்லிவிட்டுக் கவலையில்லாமல் போகிறோம் இல்லையா, இதுவும் அதேதான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் இனத்தைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு. ஒன்று அதன் விகுதி, இன்னொன்று வாக்கியத்தில் அது நிற்கிற இடம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இடம் சொல்வதுதான் செல்லும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டை எடுத்துவைத்து, அதில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வாசியுங்கள். எழுதாமல் வாசித்தால் இந்தப் பாடம் தலையில் நிற்காது.

பயிற்சிக்கு வாக்கியம் தேடி எங்கும் அலைய வேண்டாம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வானிலை எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். அதன் ஆங்கிலம் எப்போதும் ஏறக்குறைய ஒரே அச்சுதான்:

"ஸ்குவாலி வெதர் இஸ் லைக்லி டு ப்ரிவெயில் ஓவர் தி கொமோரின் ஏரியா. ஸீ கண்டிஷன் வில் பி ரஃப் டு வெரி ரஃப். ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு தி ஸீ."

குமரிக்கடல் பகுதியில் சூறைக்காற்று அடிக்கலாம், கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம் என்று அர்த்தம். கொமோரின் என்பது நம்ம குமரிதான், ஐரோப்பியர் வாயில் அப்படி ஆகிவிட்டது. சரி, வேலையைத் தொடங்குவோம்.

முதலில் நறுக்குங்கள்

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். செய்தான் என்றால் செய் + த் + ஆன், பகுதி, இடைநிலை, விகுதி. அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்குவாலி என்பதில் 'ஸ்குவால்' பகுதி, சூறைக்காற்று என்று அர்த்தம், அது பெயர்ச்சொல். 'இ' விகுதி சேர்ந்ததும் சூறைக்காற்று அடிக்கிற என்று பெயரடை (அட்ஜெக்டிவ்) ஆகிவிட்டது. விண்ட் விண்டி, ரெயின் ரெயினி, சால்ட் சால்ட்டி, எல்லாம் இதே வழி. ஃபிஷர்மென் என்பதை வெட்டினால் மூன்று துண்டு: ஃபிஷ், அர், மென். மீன், பிடிக்கிறவர், ஆட்கள். அட்வைஸ்டு என்றால் அட்வைஸ் + டு. இன்டு கூட இன், டு என்று இரண்டு சேர்ந்ததுதான்.

கண்டிஷன் மட்டும் சண்டித்தனம் பண்ணும். 'ஷன்' என்று விகுதி பளிச்சென்று தெரிகிறது, ஆனால் அதை வெட்டி எடுத்தால் மிச்சம் இருப்பது தனியாக ஒரு சொல்லாக நிற்காது. லத்தீனிலிருந்து முழுசாக வந்து இறங்கிய சொற்களில் இது சகஜம், குழம்ப வேண்டாம். பகுதி புரியாவிட்டாலும் விகுதி தன் வேலையைச் செய்கிறது: ஷன் என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல். 'மென்ஷன்' போலச் சில வினையாகவும் வரும்.

விகுதியில் இரண்டு ரகம்

ஒரு ரகம் சொல்லின் இனத்தையே மாற்றிவிடும். இன்னொரு ரகம் இனத்தைத் தொடாது, காலம், எண்ணிக்கை, ஒப்பீடு மாதிரி இலக்கண வேலை மட்டும் செய்யும். இந்த இரண்டாவது ரகம் ஆங்கிலத்தில் மொத்தமே எட்டுதான். பன்மைக்கு ஒரு ஸ், உடைமைக்கு மேற்குறி போட்ட ஸ், 'ஹி' 'ஷி'க்குப் பின் வினையில் ஒட்டுகிற ஸ், இறந்தகாலத்துக்கு 'எட்', 'ஹேவ்' உடன் வருகிற 'எட்' அல்லது 'என்', நடந்துகொண்டிருப்பதற்கு 'இங்', ஒப்பிடுவதற்கு 'அர்', எல்லாவற்றையும் விட என்பதற்கு 'எஸ்ட்'. இவ்வளவுதான். தமிழில் ஒரே வினைக்கு எத்தனை வடிவம் என்று எண்ணத் தொடங்கினால் விடிந்துவிடும், அந்த வகையில் ஆங்கிலம் நமக்குச் சலுகைதான்.

இனம் மாற்றுகிற ரகமோ நிறைய. அதில் அடிக்கடி வருவதை மட்டும் இனவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். பெயராக்குபவை நெஸ், மென்ட், ஷன், இட்டி, அன்ஸ், ஷிப், அர்: கைண்ட்னெஸ், பேமென்ட், அபிலிட்டி, ஃப்ரெண்ட்ஷிப். பெயரடை ஆக்குபவை ஃபுல், லெஸ், அஸ், அபிள், இவ், இக், இ: யூஸ்ஃபுல், யூஸ்லெஸ், ஃபேமஸ், வாஷபிள். வினையாக்குபவை குறைவு: ஐஸ், இஃபை, என். மாடர்னைஸ், ப்யூரிஃபை, வைடன். வினையடைக்கு (அட்வெர்ப்) பெரும்பாலும் 'லி' ஒன்றுதான்.

இந்த விகுதிகள் நமக்கு ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. பையன்கள் விளையாட்டுக்குத் 'தூங்கிங்' என்கிறார்கள் இல்லையா? அதையே இழுத்துப் பாருங்கள். இந்த மெத்தை தூங்கபிள். அந்தக் கொசுவுக்கு நேற்று ராத்திரி முழுக்க அன்தூங்கபிள். அவன் ஒரு பெரிய தூங்கர். எந்த அகராதியிலும் இல்லாத சொற்கள், ஆனால் எது பெயர், எது பெயரடை என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. அர்த்தம் தமிழ்ப் பகுதியில் இருக்கிறது, இனத்தை முடிவு செய்தது ஆங்கில விகுதி.

இரண்டு ரகமும் ஒரே சொல்லில் வந்தால் இனம் மாற்றுகிறது உள்ளே, இலக்கண விகுதி வெளியே. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற 'டேப்' வினை, வெட்டுகிற ஆள் 'டேப்பர்' பெயர், 'டேப்பர்ஸ்' பன்மை. டேப்ஸ் என்று பன்மையை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அர் சேர்க்க முடியாது. நாமும் ஓட்டுநர்கள் என்போமே தவிர ஓட்டுகள்நர் என்று சொல்லமாட்டோம்.

ஒரே மாதிரி ஒலிக்கிற விகுதிகளிடம் கவனமாக இருங்கள். டேப்பர் என்பதில் இருக்கிற அர் ஆளைக் காட்டுகிறது, டாலர் என்று உயரத்தை ஒப்பிடும்போது வருகிற அர் ஒப்பீடு, ஃபிங்கர், வாட்டர் என்பவற்றில் அது விகுதியே இல்லை, சொல்லின் பாகம். நறுக்கிய பிறகு மிச்சமிருப்பது பொருள் தருகிறதா, அந்தப் பொருள் முழுச் சொல்லோடு ஒட்டுகிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

ஆன, ஆக: நாம் வழுக்குகிற இடம்

கவனம், கவனமான, கவனமாக. ஆபத்து, ஆபத்தான, ஆபத்தாக. அழகு, அழகான, அழகாக. ஆங்கிலத்தில் கேர், கேர்ஃபுல், கேர்ஃபுல்லி. டேஞ்சர், டேஞ்சரஸ், டேஞ்சரஸ்லி. பியூட்டி, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி. பெயர், பெயரடை, வினையடை என்று மூன்று படி இரண்டு மொழியிலும் வரிசையாக நிற்கிறது. ஆன வந்தால் அட்ஜெக்டிவ், ஆக வந்தால் லி போட்டுவிடு என்று ட்யூஷனில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிதான் மதிப்பெண்ணைத் தின்கிறது.

'கடல் ஆபத்தாக இருக்கிறது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக இருக்கிறதே என்று 'தி ஸீ இஸ் டேஞ்சரஸ்லி' என்று எழுதினால் தப்பு. தமிழில் 'இரு' என்ற வினைக்கு முன்னால் ஆக போட்டே ஆக வேண்டும், ஆனால் அது உண்மையில் கடல் எப்படிப்பட்டது என்று பெயரைத்தான் விளக்குகிறது. ஆங்கிலம் பெயரை விளக்கினால் பெயரடைதான் கேட்கும்: தி ஸீ இஸ் டேஞ்சரஸ். நம்ம எச்சரிக்கையிலும் 'வில் பி ரஃப்' என்றுதான் இருக்கிறது, ரஃப்லி என்று இல்லை. லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், ஸீம், பிகம் எல்லாம் இந்த விஷயத்தில் 'பி'யின் கூட்டாளிகள். மீன்கறி நல்லா இருக்கு என்றால் டேஸ்ட்ஸ் குட். அவன் நல்லா வண்டி ஓட்டுவான் என்றால் டிரைவ்ஸ் வெல். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'நல்லா', அங்கேதான் சறுக்கல்.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' போடுங்கள். 'தி கறி இஸ் குட்' என்று வாக்கியம் அதே அர்த்தத்தில் நின்றால் அங்கே வேண்டியது பெயரடை. 'ஹி இஸ் வெல்' என்று போட்டால் வண்டியோட்டம் போய் உடம்பு நலம் வந்துவிடுகிறது, ஆகவே டிரைவ்ஸ் பக்கத்தில் வேண்டியது வினையடை.

லி என்று முடிந்ததெல்லாம் வினையடை என்றும் நம்பிவிடாதீர்கள். எச்சரிக்கையில் வருகிற 'லைக்லி' பெயரடை. ஃப்ரெண்ட்லி, லோன்லி, காஸ்ட்லி, லவ்லி எல்லாமே பெயரடை. டெய்லி, வீக்லி இரண்டு பக்கமும் போகும். ஒரு குறிப்பு: பெயர்ச்சொல்லோடு லி சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடை, பெயரடையோடு லி சேர்ந்தால் வினையடை. ஃப்ரெண்ட் பெயர், அதனால் ஃப்ரெண்ட்லி பெயரடை. ஸ்லோ பெயரடை, அதனால் ஸ்லோலி வினையடை. இன்னொரு பக்கம், ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டும் லி இல்லாமலேயே வினையடையாக நிற்கும். கடினமாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து வேலை விண்ணப்பத்தில் 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதினால், நான் வேலை செய்வதே அபூர்வம் என்று நாமே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எட், இங் இரண்டும் பெயருக்கு முன்னால் வந்தால் நம்ம பெயரெச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த மீன், ஃப்ரைடு ஃபிஷ். ஓடுகிற தண்ணீர், ரன்னிங் வாட்டர். எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்பதற்கு 'ஐ ஆம் போரிங்' என்று சொல்கிறவர்கள் உண்டு. சலிப்பை உண்டாக்குகிறது போரிங், சலித்துப்போனது போர்டு. சினிமா போரிங், பார்த்தவர் போர்டு.

விகுதியே இல்லாவிட்டால்

தமிழில் மீன் என்பது பெயர். அதை வினையாக்க 'பிடி' என்று ஒன்று தேவை. ஆங்கிலத்தில் ஃபிஷ் பெயரும் அதுவே, வினையும் அதுவே, ஒன்றும் சேர்க்க வேண்டாம். நெட், போட், லைட், வாட்டர், சால்ட், ஆயில், எதை எடுத்தாலும் வினையாக ஓடும். இப்படி உருவம் மாறாமல் இனம் மாறுவது ஆங்கிலத்தின் தனிக் குணம், விகுதியை மட்டும் நம்பி வந்தவர்கள் இங்கே கைவிரித்துவிடுவார்கள். ஆகவே இடத்தைப் பாருங்கள்.

'தி' அல்லது 'ஏ'க்குப் பின்னால் வந்து, பன்மையும் எடுத்தால் பெயர். 'கேன்', 'வில்', அல்லது வினைக்கு முன்வருகிற 'டு' இவற்றுக்குப் பின்னால் வந்தால் வினை. 'வெரி' முன்னால் ஒட்டி, பெயருக்கு முன்னாலும் நிற்க முடிந்தால் பெயரடை. லைட் என்ற ஒரே சொல்லை மூன்றிலும் போடலாம்: தி லைட் இஸ் ஆன், எ வெரி லைட் பேக், கேன் யூ லைட் தி லாம்ப். எச்சரிக்கையில் 'வென்ச்சர்' வினையா பெயரா? நாட் டு வென்ச்சர் என்று வருவதால் வினை. ஜாயின்ட் வென்ச்சர் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னால் பெயர். 'ரஃப்' பெயரடை என்பதற்கு அந்த வாக்கியமே 'வெரி' போட்டுச் சாட்சி சொல்கிறது.

எழுத்து மாறாமல் ஒலி மாறுகிற சொற்களும் இருக்கின்றன. பெர்மிட், ரெக்கார்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், ப்ராடெஸ்ட் போன்றவற்றைப் பெயராகச் சொல்லும்போது முதல் அசையில் அழுத்தம், வினையாகச் சொல்லும்போது இரண்டாம் அசையில். படகுக்கு வாங்குகிற பெர்மிட் முதல் அசை, அதிகாரி பெர்மிட் பண்ணுகிறது இரண்டாம் அசை. அட்வைஸ் இன்னொரு விதம், அதில் எழுத்தும் ஒன்று மாறும். பெயராக இருந்தால் கடைசி ஒலி வெறும் காற்று, வினையாக இருந்தால் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அதிரும். யூஸ், ஹவுஸ் இரண்டுக்கும் இதே வித்தியாசம். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை, வாய்க்குப் பழக்கினால்தான் உண்டு.

ஒட்டும் இடத்தில் நடப்பது

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்களுக்கு டேப்பிங் தினப்படிச் சொல். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஏன் நடுவில் இரண்டு 'பி' என்று என் மருமகள் கேட்டாள், அக்கா மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

"மாமா, டேப் எழுத ஒரு பி போதும், டேப்பிங்குக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

"மக்களே, கல் கூட ஐ சேர்த்தா என்ன?"

"கல்லை."

"கால் கூட ஐ?"

"காலை." கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "லேய்... தனிக்குறில் முன் ஒற்று!"

அதேதான். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்று நாம் உருப்போட்ட விதி ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. பால் வெட்டுகிற டேப்பில் உயிர் குறில், பின்னால் ஒரே ஒற்று, வருகிற விகுதி உயிரில் தொடங்குகிறது, ஆகவே ஒற்று இரட்டுகிறது. ரீட் என்பதில் உயிர் நெடில், ரீடிங்கில் ஒற்று இரட்டவில்லை. ஒட்டுகிற டேப், அதாவது நாடா, அதிலும் உயிர் நீளம், அதனால் அதன் 'இங்' வடிவத்தில் ஒரு பி தான். உயிர்வரின் என்ற நிபந்தனையும் அப்படியே: ஷிப் கூட இங் சேர்ந்தால் ஷிப்பிங், இரட்டிக்கும். மென்ட் சேர்ந்தால் ஷிப்மென்ட், இரட்டாது, ஏனென்றால் அங்கே வருவது மெய். இரண்டு அசைச் சொற்களில் மட்டும் ஒரு கூடுதல் நிபந்தனை, அழுத்தம் கடைசி அசையில் இருக்க வேண்டும். பிகின் இரட்டிக்கும், விசிட் இரட்டாது. ஃபிக்ஸ், ஷோ என்று முடிகிறவற்றின் கடைசி எழுத்தும் இரட்டாது.

முன்னொட்டிலும் புணர்ச்சி உண்டு. மரம் + கள் மரங்கள் ஆவது போல, இல்லை என்று பொருள் தருகிற 'இன்' பின்னால் வருகிற ஒலிக்கு ஏற்ப உரு மாறும். பாஸிபிள் முன்னால் இம், லீகல் முன்னால் இல், ரெகுலர் முன்னால் இர். நாக்குக்கு வசதி, வேறு காரணமில்லை. 'அன்' மட்டும் எழுத்தில் எதற்கும் மாறாது, அன்பெய்ட் அன்பெய்ட் தான். இன் லத்தீன் சரக்கு, அன் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு.

அந்த அன்னிலும் இரண்டு உண்டு என்பது பலர் கவனிக்காதது. பெயரடைக்கு முன் வந்தால் இல்லை என்று பொருள்: அன்ஸேஃப். வினைக்கு முன் வந்தால் செய்ததைத் திருப்பிச் செய்வது: லோட் ஏற்றுவது, அன்லோட் இறக்குவது. இரண்டும் ஒரே சொல்லில் மோதினால் வேடிக்கை. அன்லாக்கபிள் என்றால் என்ன? அன் + லாக்கபிள் என்று பிரித்தால் பூட்டவே முடியாதது. அன்லாக் + அபிள் என்று பிரித்தால் திறக்க முடிந்தது. ஒரே சொல், எங்கே வெட்டுகிறோம் என்பதில் அர்த்தமே தலைகீழ்.

முன்னால் போகிற டேங்கர் லாரியின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன் வந்திருக்கிறதே, எரியாது போல என்று பீடியைப் பற்றவைத்துவிடாதீர்கள். இந்த இன் இல்லை என்கிற இன் அல்ல, உள்ளே என்று பொருள்படுகிற வேறு லத்தீன் முன்னொட்டு. இன்ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் இரண்டுக்கும் தீப்பிடிக்கும் என்றுதான் அர்த்தம். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே இப்போது பல இடங்களில் இன்னை எடுத்துவிட்டு எழுதுகிறார்கள். எரியாதது நான்ஃப்ளேமபிள்.

இரண்டு சொல் சேர்ந்தால்

கூட்டுச்சொல்லில் கடைசியில் நிற்பதுதான் தலைவர், இனமும் பொருளும் அதிலிருந்துதான் வரும். ஹவுஸ்போட் என்றால் படகு, போட்ஹவுஸ் என்றால் வீடு. தமிழும் இதே கட்சிதான், ஆனாலும் கேரளாவில் மிதக்கிற ஹவுஸ்போட்டுக்கு நாம் படகு வீடு என்று பெயர் வைத்திருக்கிறோம், முறைப்படி பார்த்தால் அது வீடாகிவிடும். போகட்டும், வழக்கு வென்றுவிட்டது.

முட்டத்தில் இருப்பது லைட்ஹவுஸ், அழுத்தம் லைட்டில். வெளிச்சமான ஒரு வீட்டைச் சொல்ல லைட் ஹவுஸ் என்றால் அழுத்தம் ஹவுஸில். முன்னது கூட்டுப்பெயர், பின்னது பெயரடையும் பெயரும். பேச்சில் வித்தியாசம் அழுத்தம் மட்டுமே.

நாமே செய்து வைத்திருக்கும் ஆங்கிலமும் உண்டு. சகலைக்குக் கோ-பிரதர், போஸ்ட்போனுக்கு எதிராக ப்ரிபோன். இதெல்லாம் தப்பு என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, விதிப்படிதான் கட்டியிருக்கிறோம். ஆனால் தேர்வுத்தாளில் கோ-பிரதரைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளத்தை வெட்டிக் குறைப்பது ஒன்று: எக்ஸாம், லேப், ஃப்ளூ. இதில் பஸ்தான் சுவாரசியம். ஆம்னிபஸ் என்பது லத்தீன், எல்லோருக்கும் என்று அர்த்தம். அதில் எல்லோர் என்ற பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நான்காம் வேற்றுமை உருபின் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நாம் இடித்துப் பிடித்து ஏறுவது கிட்டத்தட்ட ஒரு 'கு' உருபில். இரண்டு சொல்லைப் பாதிப்பாதி வெட்டி ஒட்டுவது இன்னொன்று: ப்ரேக்ஃபாஸ்ட்டும் லஞ்ச்சும் ப்ரஞ்ச், ஸ்மோக்கும் ஃபாக்கும் ஸ்மாக். முதலெழுத்துகளைச் சேர்ப்பது: ரேடார், சோனார், லேசர். இல்லாத விகுதியை இருப்பதாக நினைத்து வெட்டுவது: எடிட்டர் முதலில் வந்தது, எடிட் அதிலிருந்து பிறந்தது. பிறமொழியிலிருந்து வாங்குவது: கட்டுமரம் கேட்டமரன் ஆனது, கயிறும் கொப்பரையும் மலையாள வழியாகக் காயர், காப்ரா ஆயின. வாங்கிய பிறகு ஆங்கில விகுதிதான் ஒட்டும், கேட்டமரன்ஸ் என்பார்களே தவிர கள் போடமாட்டார்கள்.

புதிதாக வருகிற சொற்கள் எல்லாம் பெயர், வினை, பெயரடை, வினையடை என்ற நான்கில்தான் பெரும்பாலும் போய்ச் சேரும். ப்ரோனவுன், ப்ரீபொசிஷன், கன்ஜங்ஷன் இவற்றுக்குக் கதவு ஏறக்குறைய பூட்டியாகிவிட்டது. ஆட்கள் குறைவு என்பதால் இவற்றை விதி பார்க்காமல் உருப்போட்டுவிடுவது உத்தமம். ஓவர், இன்டு, ஆன் எல்லாம் நமக்கு மேல், உள்ளே என்று பெயருக்குப் பின்னால் வருவதை ஆங்கிலம் முன்னால் போடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இன்டர்ஜெக்ஷன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நம்ம 'ஐயோ'வை 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

எட்டு என்ற கணக்கும் கல்லில் வெட்டியது அல்ல. பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு இருந்தது, ஆனால் அதில் பெயரடைக்குத் தனி இடம் கிடையாது, பெயரோடு பெயராக அடங்கிக் கிடந்தது. இப்போதைய இலக்கணக்காரர்கள் தி, ஏ, திஸ் போன்றவற்றைப் பெயரடையிலிருந்து பிரித்து டிட்டர்மினர் என்று தனியாக வைக்கிறார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறினால் பதற வேண்டாம்.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு

நோட்டில் நான்கு பத்தி போட்டு வினை, பெயர், பெயரடை, வினையடை என்று தலைப்பு எழுதுங்கள். புதுச்சொல் எது வந்தாலும் குடும்பத்தோடு எழுத வேண்டும். டிபென்ட், டிபென்டென்ஸ், டிபென்டென்ட், டிபென்டென்ட்லி. சில குடும்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், நாமே விகுதி போட்டு நிரப்பக் கூடாது, அகராதியைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். குக் பண்ணுகிறவர் குக்கர் இல்லை, குக்கர் அடுப்பில் விசில் அடிக்கிறது, ஆள் வெறும் குக். திருடுகிறவரை ஸ்டீலர் என்று யாரும் சொல்வதில்லை, தீஃப் என்று ஒரு சொல் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியில் கொடுத்த சொல்லைப் பார்க்கும் முன்னால் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிற நர்ஸ்கள் கடிதத்தில் எழுதுகிற மாதிரி ஒரு வாக்கியம்: 'தி பேஷன்ட் ரெஸ்பாண்டட் ___ டு தி ___ அண்ட் ஹெர் ___ வாஸ் ஃபாஸ்ட்.' கொடுத்திருப்பவை குட், ட்ரீட், ரெகவர். முதல் கோட்டுக்கு முன்னால் வினை, அது லுக், ஸ்மெல் கூட்டத்தைச் சேர்ந்ததும் இல்லை, ஆகவே வினையடை: வெல். இரண்டாவதுக்கு முன்னால் தி, பின்னால் பெயர் எதுவும் இல்லை, ஆகவே இதுவே பெயராக இருக்க வேண்டும்: ட்ரீட்மென்ட். மூன்றாவதுக்கு முன்னால் ஹெர், பின்னால் வாஸ், எழுவாய் நிற்கிற இடம், பெயர்தான் வரும். ரெகவர் கூட மென்ட் சேராது, ஷன் சேராது, அதற்குரிய விகுதி இ: ரெகவரி. ஸ்குவாலியில் இதே இ பெயரடை ஆக்கியது, இங்கே வினையைப் பெயராக்குகிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், விகுதி வேறு.